க்ரவுன் விக்டோரியா 1998–2011: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

ஃபோர்டு க்ரவுன் விக்டோரியாவின் கடைசித் தலைமுறை 1998 மாடலில் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று கனடாவில், ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. அதற்கு அடியில் இருக்கும் பேந்தர் சேஸிஸ் 1979 முதல் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. பாடிக்கு அடியில் தனி சேஸிஸ், 4.6 லிட்டர் வி8, பின்சக்கர இழுவை. போலீஸும் டாக்ஸிக்காரர்களும் இதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதுதான். மெர்க்குரி கிராண்ட் மார்க்கியும் லிங்கன் டவுன் காரும் அதே சேஸிஸ், அதே எஞ்சின் என்பதால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த வண்டியில் இரும்பு கெடுவது அபூர்வம். எஞ்சின் பிளாக், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்கும். பெரும்பாலும் கெடுவது பிளாஸ்டிக், ரப்பர், சால்டரிங் இந்த மூன்றும்தான். எந்தத் தொல்லை வந்தாலும் முதல் சந்தேகம் இவற்றின் மேல் விழட்டும். "எஞ்சின் போச்சு", "கியர்பாக்ஸ் போச்சு" என்று ஆரம்பத்திலேயே சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மாடல் வருடத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வருடத்தோடு பழுதும் மாறும். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடிக்கு அடியில் தெரியும் 17 இலக்க எண்ணில் 10-ஆவது இலக்கம்தான் வருடம்: டபிள்யூ என்றால் 1998, 1 என்றால் 2001, 9 என்றால் 2009, பி என்றால் 2011. 2003-ல் சேஸிஸின் முன்பகுதி புதிதாகி ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வந்தது. 2005-ல் த்ராட்டில் கேபிள் போய் எலக்ட்ரானிக் த்ராட்டில் வந்தது. பாகம் வாங்கும்போது இந்த இரண்டு வருடங்களையும் மறக்காதீர்கள். அப்புறம் வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுகளை (கோடு) படிக்க ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் வாங்கி வையுங்கள். அது இல்லாமல் பாதி வேலை ஊகமாகவே போய்விடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவே இல்லையா, செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி. 12-க்குக் கீழே போனால் வேறு எதையும் தேடுவதற்கு முன் சார்ஜ் போடுங்கள். டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் எடுக்கவில்லையா? கியரை நியூட்ரலில் வைத்து முயலுங்கள். நியூட்ரலில் எடுத்து பார்க்கில் எடுக்காவிட்டால் கியர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் உள்ள ரேஞ்ச் சென்சார், அல்லது கியர் கேபிளின் சீரமைப்பு. டேஷ்போர்டில் திருட்டு எச்சரிக்கை விளக்கு வேகமாக மின்னினால் சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இன்னொரு சாவியால் முயலுங்கள்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காவிட்டால், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துக் காது கொடுங்கள். பின்பக்கம் எரிபொருள் பம்ப் இரண்டு நொடி முனகும். சத்தமே இல்லை என்றால் டிக்கியைத் திறந்து இனெர்ஷியா சுவிட்சைத் தேடுங்கள். மோதல் நடந்தால் பெட்ரோலை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது. டிக்கியில் கனமான சாமான் உருண்டு இடித்தாலும், வண்டி பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அது துள்ளி நின்றுவிடும். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும். பெட்ரோல் வாசனை வந்தால் மட்டும் அழுத்தாதீர்கள், முதலில் கசிவைத் தேடுங்கள். இதைப் பார்க்காமலே டேங்கை இறக்கிப் பம்பை மாற்றச் சொல்வது வீண் செலவு.

மணிக்கு 65–80 கிலோமீட்டரில் வண்டி அதிர்கிறது

இந்த வண்டியில் அதிகம் தவறாகக் கணிக்கப்படும் அறிகுறி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். லேசான ஏற்றத்தில், ஓவர்டிரைவில், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்துப் போகும்போது வண்டி உதறும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுவார்கள். உண்மையில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. ஒன்று, ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது. இன்னொன்று, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பூட்டிக்கொள்ளும்போது வழுக்குவது.

அந்த வேகத்தில் அதிர்வு வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக் பெடலை மெல்லத் தொடுங்கள். பின்னால் வண்டி வராத சாலையில் செய்யுங்கள். பிரேக் சிக்னல் போனதும் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டர் கிளட்சை விடுவிக்கும், ஆர்பிஎம் சற்று ஏறும். அந்த நொடியே அதிர்வு துடைத்தாற்போல நின்றால் கன்வெர்ட்டர் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. நிற்காமல் தொடர்ந்தால் மிஸ்ஸிங். ஒரு எச்சரிக்கை: கிளட்ச் விடுபட்டால் எஞ்சின் மேல் பாரம் குறையும், அதனால் லேசான மிஸ்ஸிங்கும் அடங்கிப்போகலாம். இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதிர்வின் குணத்தையும் கவனியுங்கள். கன்வெர்ட்டர் வழுக்கல் சாலையோர அதிர்வுக் கோடுகள் மேல் டயர் ஏறினாற்போலச் சீராக இருக்கும். மிஸ்ஸிங் ஒழுங்கில்லாமல் வெட்டி வெட்டி இழுக்கும்.

அடுத்து ஸ்கேனர். பி0301 முதல் பி0308 வரை எந்தக் கோடு வந்தாலும் கடைசி எண்தான் சிலிண்டர். இந்த எஞ்சினில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. எஞ்சின் விளக்கு எரியாவிட்டாலும் மிஸ்ஸிங் இல்லை என்று ஆகாது. லேசான மிஸ்ஸிங் விளக்கைத் தூண்டாது. ஸ்கேனரில் மோட் 6 இருந்தால் சிலிண்டர்வாரியாக மிஸ்ஸிங் எண்ணிக்கை தெரியும், அதைப் பாருங்கள். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும்.

ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு மின்சாரம் தரும் தனி காயில் இருக்கிறது. சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைக் கழற்றி வேறொரு சிலிண்டருக்கு மாற்றுங்கள். 3-லிருந்து 6-க்கு மாற்றியதும் கோடு பி0306 என்று வந்தால் காயில் குற்றவாளி. மாறாமல் 3-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங் என்று போக வேண்டும். பல சமயம் காயில் நன்றாகவே இருக்கும், அதன் அடியில் உள்ள ரப்பர் பூட்டில் வெடிப்பு விழுந்து மின்சாரம் சிலிண்டர் ஹெட்டுக்குத் தாவும். அந்த ரப்பரும் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கும். எட்டு காயிலையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் பாருங்கள். ஈரமாக இருந்தால் அது தனிச் செய்தி. எஞ்சின் கழுவிய தண்ணீரா, மேலே ஹீட்டர் ஹோஸ் இணைப்பிலிருந்தோ மேனிஃபோல்டிலிருந்தோ சொட்டிய கூலன்ட்டா என்று முகர்ந்து பாருங்கள். கூலன்ட்டில் ஓர் இனிப்பு வாடை இருக்கும். கசிவை அடைக்காமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

பிளக் மாற்றுகிறீர்களா? எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகு மட்டுமே. குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே பிளக்கைக் கழற்றுங்கள். புதியதைக் கையால் தொடங்கி, டார்க் ஸ்பேனரில் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். இந்த எஞ்சினின் ஆரம்ப வருட அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடிக்கும் மரைகள் மிகக் குறைவு. தளர்வாக இருந்தால் ஒருநாள் பிளக் காயிலோடு சேர்ந்து வெளியே பறக்கும். பெரிய சத்தம், உடனே "டப் டப்" என்று காற்று வெளியேறும் ஒலி, ஒரு சிலிண்டர் சாகும். அப்படி நடந்தாலும் ஹெட்டை மாற்ற வேண்டியதில்லை. ஹெட் இருந்த இடத்திலேயே துளையைப் புதிதாக மரையிட்டு உலோகச் செருகு வைக்கலாம். அந்த வேலை தெரிந்தவரைத் தேடுங்கள்.

காயில், பிளக் எல்லாம் தெளிவான பிறகும் சீரான அதிர்வு நிற்கவில்லை என்றால்தான் கியர்பாக்ஸ் ஆயில். நிறம் கறுத்து, கருகிய வாடை வந்தால் மாற்றுங்கள். பெரும்பாலான வருடங்களுக்கு மெர்கான் 5, ஆனாலும் உங்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அடித்தட்டை மட்டும் இறக்கினால் பாதிக்கும் குறைவான ஆயில்தான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். கன்வெர்ட்டரையும் சேர்த்து வடித்து முழுசாக மாற்றினால் பல வண்டிகளில் அதிர்வு அத்தோடு போய்விடுகிறது. ஆயில் அளவை எஞ்சின் சூடாக, ஓடிக்கொண்டிருக்கும்போது, பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நிற்கும்போது தள்ளாடுகிறது, சிக்னலில் அணைகிறது

பி0171, பி0174 இரண்டும் ஒன்றாக வந்தால் எஞ்சினின் இரு பக்கமும் காற்று அதிகமாகப் போகிறது, அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. முதலில் த்ராட்டிலுக்குப் பின்னால் கையை விட்டு எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இழுக்கும் பிசிவி குழாயின் ரப்பர் முழங்கையைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் பட்டுப்பட்டு அது களி மாதிரி இளகி, எஞ்சின் உறிஞ்சும் வேக்கத்தில் உள்ளே சப்பிப்போகும், அல்லது அடியில் பிளந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. சில டாலர் சாமான். அது நன்றாக இருந்தால் ஏர் ஃப்ளோ சென்சாரை அதற்கான ஸ்பிரேயால் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் எரிபொருள் அழுத்தத்தை அளவிடுங்கள். ஒரே ஒரு கோடு மட்டும் வந்தால் அந்தப் பக்கத்து மேனிஃபோல்டு கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

கோடு எதுவும் இல்லாமல், வேகம் குறைத்து நிற்கும்போது மட்டும் அணைந்தால், 2004 வரையிலான வண்டிகளில், நிற்கும்போது எஞ்சினுக்குக் காற்று விடும் ஐடில் ஏர் வால்வு. கரி படிந்து ஒட்டிக்கொள்ளும், சில சமயம் ஊளையிடும். 2005 முதல் அந்த வால்வே இல்லை, அங்கே த்ராட்டில் பாடியைப் பாருங்கள்.

கூலன்ட் குறைகிறது, எஞ்சின் சூடாகிறது

1998 முதல் 2001 வரையிலான வண்டி என்றால் நேராக எஞ்சினின் முன்பக்கம், ஆல்டர்னேட்டர் பக்கத்தில் விளக்கடித்துப் பாருங்கள். இந்த வருடங்களில் இன்டேக் மேனிஃபோல்டு முழுக்க பிளாஸ்டிக். இரண்டு சிலிண்டர் வரிசைகளிலிருந்தும் வரும் கொதிக்கும் கூலன்ட் முன்பக்கத்தில் ஒரு குறுக்குப் பாதை வழியாகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. அந்தப் பாதையும் பிளாஸ்டிக்தான். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு அது வெடிக்கிறது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டு வழக்குப் போட்டு ஃபோர்டு ஈடு கொடுக்க ஒப்புக்கொண்ட பழுது இது. இவ்வளவு உறுதியான எஞ்சினின் தலையில் இப்படி ஒரு பாகத்தை வைத்தது வருத்தமான முடிவு. நல்ல எஞ்சின்கள் பல இதனாலேயே பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

விரிசலைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சொட்டாது. சூடேறி அழுத்தம் வந்ததும் முடி அளவு விரிசல் திறந்து கசியும், சொட்டியது சூட்டில் ஆவியாகிவிடும். தரையில் ஈரமே இருக்காது, கூலன்ட் டப்பாவில் மட்டும் அளவு இறங்கிக்கொண்டே வரும். குளிர்ந்த எஞ்சினில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றி வைத்துக் காத்திருங்கள். ஆல்டர்னேட்டருக்கு அடியிலும் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்திலும் காய்ந்த வெள்ளைத் தடமோ ஈரமோ தெரிந்தால் அதுதான் இடம். சூடான டப்பாவின் மூடியைத் திறக்கவே கூடாது.

விரிசலுக்கு எபாக்ஸி பூசி ஓட்டாதீர்கள். அது நிற்காது, நெடுஞ்சாலையில் மொத்தமாக வெடிக்கும். குறுக்குப் பாதை அலுமினியத்தில் செய்த மேனிஃபோல்டு கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். கூடவே கேஸ்கட், தெர்மோஸ்டாட், அதன் ஓ-ரிங், பிசிவி முழங்கை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எப்படியும் அத்தனையும் கழற்றியாகிவிட்டது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு தரும் வரிசையில் முறுக்க வேண்டும். 2002 முதலான வண்டியிலும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் கசியலாம், தேடும் முறை ஒன்றேதான்.

கூலன்ட் நிரப்பிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிடுங்கள். எஞ்சின் சூடேறியும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே காற்றுக்குமிழ் மாட்டியிருக்கிறது. டேஷ்போர்டு ஊசியை மட்டும் நம்ப வேண்டாம். உண்மையான வெப்பநிலையை ஸ்கேனரில் பாருங்கள்.

கூலன்ட் போய் எஞ்சின் கொதிக்கும்போது திடீரென்று சக்தி பாதியாகிறதா? அது தற்காப்பு. கம்ப்யூட்டர் சிலிண்டர்களுக்கு மாறி மாறிப் பெட்ரோலை நிறுத்தி, வெறும் காற்றை இழுக்கவிட்டு எஞ்சினைக் குளிர்விக்கப் பார்க்கிறது. ஓரமாக ஒதுங்குவதற்கு அது தரும் அவகாசத்தில் வீடு வரை ஓட்டிவிடாதீர்கள்.

ஓடும்போது ஹெட்லைட் அணைகிறது

2003 முதல் 2005 வரையிலான க்ரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்கி வண்டிகளில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்தால் லைட்டிங் கன்ட்ரோல் மாட்யூல்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் அந்தப் பலகையில் ஹெட்லைட் ரிலேயின் சால்டரிங் சூட்டில் விரிந்து விடுபடுகிறது. பல்பு இரண்டும் ஒரே நொடியில் போகாது, எனவே பல்பு மாற்றிப் பயனில்லை. ஃபியூஸையும் சுவிட்சையும் ஒருமுறை பார்த்துவிட்டு மாட்யூலுக்கு வாருங்கள்.

சால்டரிங் நன்றாகத் தெரிந்தவர் அந்த இணைப்புகளைப் புதிதாகப் பற்றவைத்தால் சரியாகிவிடும். வேறு மாட்யூல் வாங்கினால் உங்கள் வண்டிக்கு ஏற்றபடி அதில் தகவல் ஏற்ற வேண்டும். ஆகவே உங்களுடையதையே பழுது பார்ப்பது நல்லது. இந்த அறிகுறி ஒரே ஒரு முறை வந்திருந்தாலும் சரிசெய்யும் வரை இரவில் வண்டியை எடுக்காதீர்கள். இந்தப் பட்டியலில் உயிர் போகக்கூடியவை இரண்டு. இது ஒன்று, கடைசியில் வரும் ஸ்டியரிங் இன்னொன்று.

ஏசி போட்டாலும் காற்று முன்கண்ணாடிக்கே போகிறது

காற்றைத் திருப்பும் கதவுகள் எஞ்சின் வேக்கத்தால் இயங்குகின்றன. வேக்கம் இல்லாவிட்டால் கண்ணாடியில் பனி படியாமல் இருக்கட்டும் என்று காற்று மேலே போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் காற்று மேலே தாவினால் எஞ்சின் பக்கத்துச் சிறு குழாயில் வெடிப்பைத் தேடுங்கள். எப்போதும் மேலேயே என்றால், தானியங்கி ஏசி உள்ள பழைய மாடல்களில் கன்ட்ரோல் பெட்டியின் பின்புறம் இருக்கும் சிறு ஓ-ரிங்குகள் இறுகிக் கெட்டியாகியிருக்கும். பெட்டியை வெளியே எடுத்து அவற்றை மட்டும் மாற்றினால் போதும். டேஷ்போர்டுக்குள் "டக் டக்" என்று தொடர்ந்து சத்தம் வந்து, சூடோ குளிரோ மாறவில்லை என்றால் அது வேறு: சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவை நகர்த்தும் மோட்டாரான பிளெண்ட் டோர் ஆக்சுவேட்டருக்குள் பிளாஸ்டிக் பல்லுடைந்திருக்கிறது.

ராத்திரியில் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது

பின்னால் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா என்று பாருங்கள். டவுன் காரில் அதுவே வழக்கம், மற்ற இரண்டிலும் சில வண்டிகளில் மட்டும். சோப்புத் தண்ணீரை, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் ஏர்பேகின் மடிப்புகளிலும் மேலே காற்றைத் திறந்து மூடும் சோலெனாய்டு செருகியிருக்கும் இடத்திலும் தெளியுங்கள். சோலெனாய்டில் குமிழ் வந்தால் ஓ-ரிங், மடிப்பில் வந்தால் பேக். கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஜாக்கி வைப்பதற்கு முன் டிக்கிக்குள் இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். இதை விடவே கூடாது. ஏர்பேக் வேண்டாம் என்றால் சாதாரண காயில் ஸ்பிரிங்கும் பொருந்தும்.

சின்னச் சின்னவை

பார்க்கிலிருந்து கியர் நகரவில்லையா? பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் அந்த ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது பெடல் சுவிட்ச். ஜன்னல் மோட்டார் சுற்றும் சத்தம் வந்து கண்ணாடி அசையவில்லை என்றால், மோட்டாரின் பல்சக்கரத்துக்குள் இருக்கும் சிறு பிளாஸ்டிக் கட்டைகள் பொடிந்திருக்கும், அவை தனியாகக் கிடைக்கும். ஜன்னலும் லாக்கும் கதவைத் திறந்து மூடும்போது மாறி மாறி வேலை செய்தால் கீல் அருகே வயர் அறுந்திருக்கிறது.

பழைய போலீஸ் வண்டி வாங்கியிருந்தால் லிஃப்டில் ஏற்றும்போது பெட்ரோல் டேங்கையும் பாருங்கள். டேங்க் பின் ஆக்சிலுக்கும் டிக்கிக்கும் நடுவில் நிற்கிறது. பின்னாலிருந்து அதிவேகத்தில் மோதியபோது டேங்க் குத்துப்பட்டுத் தீப்பிடித்துப் பல போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 2002-ல் ஃபோர்டு பிளாஸ்டிக் கவசங்களைப் போலீஸ் வண்டிகளுக்குக் கொடுத்தது. அவை இருக்கின்றனவா, கழன்று போயிருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

ஸ்டியரிங் இறுகுகிறது, தளர்கிறது, சத்தம் வருகிறது

2005 முதல் 2011 வரையிலான வண்டியை, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓட்டியிருந்தால் மற்றதையெல்லாம் விட்டு இதைப் பாருங்கள். ஸ்டியரிங்கின் கீழ் இடைத்தண்டு துருப்பிடித்து இறுகலாம், கழன்றும் போகலாம். கழன்றால் ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது. 2013-ல் ஃபோர்டு சுமார் 3,70,000 வண்டிகளை இதற்காகத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டிக்கு அந்த வேலை நடந்ததா என்பதை 17 இலக்க எண்ணைக் கொடுத்து டீலரிடமோ அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் ரீகால் தேடலிலோ பார்க்கலாம். திருப்பும்போது இடையிடையே பிடித்துப் பிடித்து விட்டால் வண்டியை நிறுத்திவிட்டு இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

2002 வரையிலான வண்டியில் ரேக் கிடையாது, பழைய பாணி ஸ்டியரிங் பெட்டி. நேர்ச்சாலையில் வண்டி இரண்டு பக்கமும் அலைந்தால், ஸ்டியரிங் இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம் தேய்ந்திருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி 3 மணி, 9 மணி நிலைகளில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அங்கே இருந்தால் ஐட்லர் ஆர்ம் அல்லது டை ராடு, 12, 6 நிலைகளில் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். எதை மாற்றினாலும் அலைன்மென்ட் செய்த பிறகே நெடுஞ்சாலையில் ஏறுங்கள்.